உரக்கடையிலும் மருந்துக்கடையிலும் ஒரே ‘கோனசோல்’: பூஞ்சைகள் மருந்துக்கு அடங்க மறுப்பது ஏன்?

ஹெக்சாகோனசோல், புரோபிகோனசோல், டெபுகோனசோல், டைஃபெனோகோனசோல். மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ ஒரு உரக்கடைக்குள் நுழைந்தால் அலமாரியில் கண்ணில் படும் பெயர்கள் இவை. ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல், வோரிகோனசோல், லூலிகோனசோல். இவை அதே கடைத்தெருவின் மருந்துக்கடையில் இருப்பவை. முதல் நான்கும் பயிருக்கு, அடுத்த நான்கும் மனிதருக்கு. வால் மட்டும் ஒன்று. எட்டும் ஒரே குடும்பம் என்பதால்தான் அந்த வால் வந்தது. எட்டும் பூஞ்சையின் உடலில் ஒரே இடத்தைத்தான் அடிக்கின்றன.

2021 மே மாதம் தமிழ்நாடு அரசு கரும்பூஞ்சையை ‘அறிவிக்கப்பட வேண்டிய நோய்’ ஆக்கியபோதுதான், பூஞ்சை ஆளையே கொல்லும் என்பது பலருக்கு உறைத்தது. அதுவரை பூஞ்சை என்றால் ஊறுகாய் ஜாடியில் பூத்திருப்பது, அடைமழைக் காலத்தில் செருப்பில் படிவது, தொடையிடுக்கில் அரிப்பது. இப்போது டெல்டா பக்கம் வேறு இரண்டு கேள்விகள் அடிக்கடி காதில் விழுகின்றன. “படர்தாமரைக்கு மூணு மாசமா மாத்திரை சாப்பிடுறேன், போய்ப்போய் வருதே?” “நெல்லுல இலையுறை கருகலுக்கு ரெண்டு தடவை அடிச்சும் நிக்கல, மருந்து போலியா?” போலி மருந்தும் சந்தையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அசல் மருந்தும் தோற்கிறது. எப்படித் தோற்கிறது என்று பார்க்க, பூஞ்சை என்கிற உயிரிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு சொல் விளக்கம். வேளாண்துறைத் துண்டறிக்கையில் ‘பூஞ்சாணம்’ என்று இருக்கும், மருத்துவர் ‘பூஞ்சை’ என்பார், வீட்டில் ‘பூசணம்’. மூன்றும் ஒன்றுதான். துறைக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டதாலோ என்னவோ, வயல் பூஞ்சையும் உடம்புப் பூஞ்சையும் தனித்தனி உலகம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது.

## பூஞ்சை நமக்குத் தூரத்துச் சொந்தம்

பாக்டீரியாவைக் கொல்வது ஒப்பீட்டளவில் எளிது. அதன் உடலமைப்பு நம்முடையதிலிருந்து வெகுவாக மாறுபட்டது. அதற்கு மட்டுமே உரிய பாகங்களைப் பார்த்து அடிக்கலாம். பூஞ்சையின் செல் அப்படியில்லை. நம் செல்லைப் போலவே அதிலும் உட்கரு உண்டு, மைட்டோகாண்ட்ரியா உண்டு, புரதம் செய்யும் முறையும் ஏறக்குறைய அதேதான். உயிர்களின் வம்சாவளியில் பூஞ்சை செடிகொடிகளைவிட விலங்குகளுக்கே நெருக்கம். அதனால் பூஞ்சையைக் கொல்லும் நஞ்சு பெரும்பாலும் நம்மையும் பதம்பார்த்துவிடும்.

அடிக்கத் தோதான வேறுபாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒன்று, செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு. நம் செல்சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் அதற்குப் பதில் எர்கோஸ்டெரால். இன்னொன்று, சவ்வுக்கு வெளியே நிற்கும் சுவர். இறால் ஓட்டில் இருக்கும் கைட்டினும், குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்து கட்டிய சுவர் அது. நமக்குச் சுவரே கிடையாது. மனிதருக்கான முக்கிய மருந்துகள் இந்த இரண்டையும் வைத்துத்தான்:

1. அசோல்கள். எர்கோஸ்டெரால் தயாரிப்பில் ஒரு முக்கியப் படியை நடத்தும் நொதியை அடைப்பவை. ‘கோனசோல்’ குடும்பம் முழுதும் இதில் அடக்கம்.

2. டெர்பினாஃபின். அதே தயாரிப்பில் இன்னும் முந்தைய படியில் இருக்கும் வேறொரு நொதியை அடைப்பது. படர்தாமரைக்கு நெடுங்காலம் முதல் தேர்வாக இருந்தது.

3. நாட்டமைசின், ஆம்போடெரிசின் பி. இவை தயாரிப்பில் கைவைப்பதில்லை; சவ்வில் ஏற்கெனவே இருக்கும் எர்கோஸ்டெராலையே போய்ப் பிடிப்பவை. முன்னது கண்ணுக்குச் சொட்டு மருந்து. பின்னது கரும்பூஞ்சைக்கு ஊசியாகப் போட்டது.

4. எக்கைனோகாண்டின்கள். சுவரைக் கட்டவிடாமல் தடுப்பவை. நரம்பு வழியாக மட்டுமே ஏற்றப்படுவதால் பெரிய மருத்துவமனைகளுக்கு வெளியே பார்க்க முடியாது.

அவ்வளவுதான் கையிருப்பு. பாக்டீரியாவுக்கு இருக்கும் ஆன்டிபயாட்டிக் வகைகளோடு ஒப்பிட்டால் இது பரம ஏழையின் பெட்டி. இந்த நான்கில் ஒன்று கைவிட்டுப் போனாலும் பள்ளம் பெரிது.

வயலில் இன்னும் சில வகைகள் உண்டு: செல் பிரியவிடாமல் தடுக்கும் கார்பென்டசிம், பூஞ்சையின் மூச்சைப் பிடிக்கும் அசாக்சிஸ்ட்ரோபின், பல இடங்களில் ஒரே நேரத்தில் அடிக்கும் மான்கோசெப்பும் தாமிர மருந்துகளும்.

## நெருக்கடி அதற்குப் புதிதல்ல

பூஞ்சைக்கு ஓடத் தெரியாது. வெயில் அடித்தால் காய வேண்டும், வெள்ளம் வந்தால் மூழ்க வேண்டும், உணவு தீர்ந்தால் கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். இவற்றையெல்லாம் தாங்கக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது செய்துகொண்ட ஏற்பாடுகள்தான், மருந்து வரும்போதும் அதற்குக் கைகொடுக்கின்றன. இந்தக் கட்டுரையின் மையமே இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த, நெல்லைத் தாக்கும் குலை நோயை எடுத்துக்கொள்ளலாம். சம்பாவும் தாளடியும் ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்து, மார்கழி, தைப் பனியில் கதிர் தள்ளுகின்றன. இரவு முழுதும் இலை நனைந்தே கிடக்கும் அந்த நாட்கள் குலை நோய்க்குக் கொண்டாட்டம். யூரியாவைத் தாராளமாகப் போட்டு இலை கரும்பச்சையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆந்திரா பொன்னி நட்டவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் நன்றாகவே தெரியும்.

அந்தப் பூஞ்சையின் வித்து பனித்துளியில் வந்து இலைமேல் ஒட்டுகிறது. நெல் இலையின் மேல்தோலில் சிலிக்கா கலந்திருப்பதால் அது கையைக் கீறும் அளவுக்குக் கடினம். கண்ணுக்கே தெரியாத ஒரு வித்து இதை எப்படித் துளைக்கும்? முளைத்து, குமிழ் போன்ற ஒரு சிறு உறுப்பை உண்டாக்குகிறது. அந்தக் குமிழுக்குள் கிளிசராலைச் சேர்த்துச்சேர்த்து வைக்கிறது. கிளிசரால் வெளியிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. குமிழின் சுவரில் மெலனின் பூசியிருப்பதால் உள்ளே வந்த நீரோடு கிளிசரால் வெளியேற முடிவதில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அளந்து பார்த்ததில் சுமார் 80 வளிமண்டல அழுத்தம், அதாவது கார் டயரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு. அந்த விசையில் அடிப்பக்கமாக ஒரு முளையை இறக்கி இலைக்குள் புகுந்துவிடுகிறது.

டிரைசைக்ளசோல் வேலை செய்வது இந்த இடத்தில்தான். அது பூஞ்சையைக் கொல்வதில்லை. மெலனின் உண்டாவதை மட்டும் தடுக்கிறது. மெலனின் இல்லாத குமிழில் அழுத்தம் நிற்காது. காற்றுப் போன டயர்தான். இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை புரியும்: புள்ளி தெரியத் தொடங்கிய பிறகு அடித்தால், ஏற்கெனவே உள்ளே போய்விட்ட பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது. புதிதாக நுழைவதை மட்டும் தடுக்கும். “அடிச்சும் கேக்கல” என்ற புகார்களில் ஒரு பங்கு, எதிர்ப்பு ஏதும் இல்லாமலேயே, நேரம் தவறியதால் வருவது. இன்னொன்று: பெயரில் ‘சோல்’ இருந்தாலும் டிரைசைக்ளசோல் முன்சொன்ன கோனசோல் குடும்பம் அல்ல. எர்கோஸ்டெராலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கவனிக்க வேண்டியது அந்தக் கிளிசரால். உப்பும் வறட்சியும் தண்ணீரை உறிஞ்சும்போது பல பூஞ்சைகள் கிளிசராலைச் சேர்த்துத்தான் தங்களைக் காப்பாற்றிக்கொள்கின்றன. பிழைப்பதற்கான அதே சரக்கைக் குலை நோய்ப் பூஞ்சை ஆயுதமாகவும் ஆக்கிக்கொண்டது. பூஞ்சையின் சாமர்த்தியம் முழுதும் இப்படித்தான்: புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், இருப்பதை வேறு வேலைக்குத் திருப்பிவிடும்.

தாங்கும் வழிகள் இன்னும் உண்டு. இலையுறை கருகல் பூஞ்சை, காலம் சரியில்லை என்றால் கடுகு அளவிலான பழுப்பு உருண்டைகளாகத் தன்னைச் சுருட்டிக்கொண்டு மண்ணில் கிடக்கும். சேறு கலக்கும்போது அவை நீரில் மிதந்து வந்து, நட்ட பயிரின் தூரில் நீர்மட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். நோய் எப்போதும் நீர்மட்டத்தில் தொடங்கி மேலே ஏறுவது அதனால்தான். திருச்சி, லால்குடி, திருவையாறு ஆற்றங்கரை வாழைத் தோப்புகளில் ரஸ்தாளியை ஒழித்துக்கட்டும் வாடல் நோய்ப் பூஞ்சை, தடித்த சுவருள்ள உறக்க வித்துகளாக மண்ணிலேயே பல்லாண்டு தங்கும். மருந்து ஊற்றி அதை அங்கிருந்து கிளப்ப முடிந்தவர் இல்லை.

நம் உடம்பும் பூஞ்சைக்கு ஒரு நெருக்கடிதான். 37 டிகிரி சூட்டில் பெரும்பாலான பூஞ்சைகளால் வாழ முடியாது. 30 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சுமார் 6 சதவீத வகைகள் கழிந்துவிடுகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. லட்சத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை இனங்களில் மனிதரைத் தொல்லை செய்பவை சில நூறு மட்டுமே என்பதற்கு இந்தச் சூடு பெரிய காரணம். தப்பி வருபவை சூட்டைத் தாங்கப் பழகியவை. அவற்றிடம் சூட்டில் குலையும் புரதங்களைத் தாங்கிப்பிடிக்கும் துணைப் புரதங்கள் ஏராளம். அவற்றில் ஒன்று எச்.எஸ்.பி. 90. லியா கோவன், சூசன் லிண்ட்குவிஸ்ட் இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் புரதத்தின் வேலையைக் குறைத்தால் பூஞ்சையின் மருந்து எதிர்ப்பும் சரிந்துவிடுவதைக் காட்டினார்கள். சூட்டைத் தாங்க வைத்திருந்த ஊன்றுகோலைத்தான் மருந்தைத் தாங்கவும் ஊன்றிக்கொள்கிறது என்று பொருள்.

## தாங்குவது வேறு, எதிர்ப்பது வேறு

செய்திகளில் இரண்டு சொற்கள் கலந்துகட்டி வருகின்றன. பிரித்துவைத்துக்கொள்வது நல்லது.

தாங்குதல் என்பது, மருந்து இருக்கும்வரை சாகாமல் மெதுவாகக் காலம் தள்ளுவது. மருந்து நின்றதும் பழையபடி வளரும். மரபணுவில் நிரந்தர மாற்றம் இருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்ப்பு என்பது, மருந்தின் வழக்கமான அளவிலும் தங்குதடையின்றி வளர்வது. இது பெரும்பாலும் மரபணு மாற்றத்தால் வருவது. அடுத்த தலைமுறைக்கும் போகும்.

முதலாவது இரண்டாவதற்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கிறது. சாகாமல் கிடக்கும் ஒவ்வொரு நாளும் பூஞ்சை பெருகுகிறது, பெருகும்போது மரபணுவில் எழுத்துப்பிழைகள் நேர்கின்றன, லட்சத்தில் ஒரு பிழை அதற்குச் சாதகமாக அமைந்துவிடுகிறது. அப்படி அமையும் வழிகள் இவை:

1. பூட்டை மாற்றுவது. மருந்து ஒரு சாவி என்றால், அது பொருந்தும் நொதி ஒரு பூட்டு. நொதியின் வடிவம் ஓர் இடத்தில் சற்றே மாறினாலும் சாவி நுழையாது. டெர்பினாஃபினுக்கு அடங்காத படர்தாமரைப் பூஞ்சையில் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான்: குறிப்பிட்ட நொதியில் 397-வது இடத்தில் ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லூசின். ஒரே ஓர் எழுத்து. அசாக்சிஸ்ட்ரோபின் வகைக்கு எதிராகவும் பல பயிர் நோய்ப் பூஞ்சைகளில் இப்படி ஓர் எழுத்து மாற்றமே போதுமானதாக இருந்திருக்கிறது.

2. பூட்டுகளைப் பெருக்குவது. நூறு சாவியோடு மருந்து வந்தால் ஆயிரம் பூட்டு செய்துவிடுவது. நொதி அதே நொதிதான், எண்ணிக்கை மட்டும் கூடும்.

3. இறைத்துக் கொட்டுவது. செல்லுக்குள் வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் சவ்வில் உண்டு. ஆதியில் மண்ணின் நஞ்சுகளை வெளியேற்ற இருந்தவை இவை. பம்பைக் கூட்டி ஓடவிட்டால் ஒரே நேரத்தில் பல மருந்துகள் செயலிழக்கும்.

4. குரோமோசோமையே கூட்டிக்கொள்வது. கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை, ஃப்ளூகோனசோல் நெருக்கடியில் தன் ஐந்தாம் குரோமோசோமின் ஒரு கையை இரட்டிப்பாக்கிக்கொள்வது 2006-ல் கண்டறியப்பட்டது. அந்தக் கையில்தான் அசோலின் பூட்டைச் செய்யும் மரபணுவும், பம்பை முடுக்கும் மரபணுவும் இருக்கின்றன. மேலே சொன்ன இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே வீச்சில் கிடைத்துவிடுகின்றன. மருந்தை நிறுத்தினால் அந்தக் கூடுதல் கை கழன்றும் போகலாம். இதனால் ஆய்வகத்தில் பரிசோதிக்கும்போது பூஞ்சை ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் நிற்கும்.

5. கூட்டமாகப் போர்த்திக்கொள்வது. மருத்துவமனையில் நரம்புக்குழாய் மேல் படியும் பூஞ்சை, பசை போன்ற ஒரு போர்வைக்குள் வாழும். மருந்து அதற்குள் எளிதில் எட்டாது. குழாயைக் கழற்றினால்தான் தீர்வு.

## டேங்க் கணக்கில் நடக்கும் பிழை

இப்போது வயலுக்கு வருவோம். இலையுறை கருகலுக்கு ஹெக்சாகோனசோல் 5 ஈ.சி. (5 சதவீத மருந்துள்ள திரவம்) அடிப்பதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 2 மில்லி, ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், ஆக 400 மில்லி மருந்து. 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயரில் பன்னிரண்டரை டேங்க் ஆகும். சேற்றில் முழங்கால் அளவு இறங்கி, முதுகில் 16 கிலோவைச் சுமந்து பன்னிரண்டு தடவை நடப்பது யாருக்கும் முடியாத காரியம். ஆளும் கிடைப்பதில்லை. ஆறு டேங்கில் முடித்துவிடுகிறார்கள்.

ஆறு டேங்கில் 400 மில்லியையும் கலந்திருந்தால் மருந்தின் மொத்த அளவு குறையாது, படும் இடம்தான் குறையும். ஆனால் பழக்கம் என்ன? “டேங்க்குக்கு ஒரு மூடி” என்று அளப்பது. டேங்க்குக்கு 32 மில்லி வீதம் ஆறு டேங்க் என்றால் 192 மில்லி. ஏக்கருக்குச் சேர வேண்டியதில் பாதிகூட இல்லை. அதுவும் மேல் இலையில் தெளித்துவிட்டு நகர்ந்தால், நோய் இருக்கும் தூர்ப்பகுதிக்குப் போவது சொற்பம். அங்கே இருக்கும் பூஞ்சைக்கு அது விஷமாக இறங்குவதில்லை; தடுப்பூசி போட்டதுபோல் பழக்கிவிடுகிறது.

அதற்காக அளவைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவைவிட முக்கியம், ஒரே பூட்டைத் திரும்பத் திரும்ப அடிப்பது. ஹெக்சாகோனசோல் கேட்கவில்லை என்று அடுத்த வாரம் புரோபிகோனசோல், அதுவும் கேட்கவில்லை என்று டெபுகோனசோல். டப்பா மாறியது, கம்பெனி மாறியது, விலையும் ஏறியது. பூட்டு மாறவில்லை. மருந்தை மாற்றிவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் மிச்சம். உரக்கடையில் கேட்க வேண்டிய கேள்வி “வேற மருந்து இருக்கா” அல்ல, “வேற குரூப் இருக்கா” என்பது. முன் தடவை அடித்தது ‘கோனசோல்’ என்று முடிந்தால், அடுத்தது ‘கோனசோல்’ இல்லாததாக இருக்கட்டும். மான்கோசெப், தாமிர மருந்துகளுக்கு எதிராக இத்தனை பத்தாண்டுகளில் எதிர்ப்பு அபூர்வம். அவை ஒரே நேரத்தில் பல இடங்களில் அடிப்பதால், பூஞ்சை ஒரே பிழையில் தப்பிக்க வழியில்லை.

நெற்பழ நோயைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் உருண்டைகள் கதிரில் தெரிந்தால் ‘லட்சுமி நோய்’, விளைச்சல் அமோகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பயிர் செழித்த ஈரமான ஆண்டில் அது அதிகம் வரும் என்பதால் வந்த நம்பிக்கை. உருண்டை தெரிந்த பிறகு அடிக்கும் மருந்து வீண்செலவு. கண்ணாடி இலைப் பருவத்திலும் (கதிருக்கு முந்தைய கடைசி இலை வரும் பருவம்) பாதிப் பூ பூத்திருக்கும்போதும் அடிப்பதுதான் பரிந்துரை. காலம் கடந்து அடிக்கும் கோனசோலால் நோய் தீராது, வயலில் கோனசோல் மட்டும் சேரும்.

## வைக்கோல்போரில் இருப்பவன்

அந்தச் சேர்ந்த கோனசோல் யாரைத் தொடுகிறது? விஷயம் சுவாரசியமாவது இங்கேதான்.

அஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் என்ற பூஞ்சை நெல்லுக்கு நோய் தருவதில்லை. அதன் வீடு மக்கும் பொருள்: வைக்கோல்போரின் அடிப்பகுதி, எருக்குழி, ஈரமான சருகு. குப்பை மக்கும்போது உள்ளே சூடு ஏறும், கைவைத்தால் தெரியும். 50 டிகிரியிலும் வாழும் பூஞ்சை அது. நம் உடம்பின் 37 டிகிரி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வித்துகள் மிக நுண்ணியவை, மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகும். திடமாக இருப்பவரின் நுரையீரல் அவற்றைச் சுத்தம் செய்துவிடும். காசநோய் ஆறி நுரையீரலில் குழி விழுந்தவர், ஆஸ்துமாக்காரர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்றிக்கொண்டவர் ஆகியோருக்கு அது தங்கிவிடும். அப்போது கொடுக்கும் முதல் மருந்து வோரிகோனசோல் போன்ற அசோல்.

நெதர்லாந்தில் 1990-களின் இறுதியிலிருந்து, அசோலுக்கு அடங்காத அஸ்பெர்ஜில்லஸ் நோயாளிகளிடம் தென்படத் தொடங்கியது. அவர்களில் பலர் வாழ்நாளில் அசோல் மாத்திரை தொட்டதே இல்லை. மரபணுவைப் பார்த்தபோது பலரிடமும் ஒரே அச்சு: பூட்டைச் செய்யும் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் 34 எழுத்துத் துண்டு இரட்டித்திருந்தது, அதனால் பூட்டுகள் பெருகின, கூடவே பூட்டின் 98-வது இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. நோயாளியின் உடம்புக்குள் தனித்தனியாக உருவாகியிருந்தால் ஆளுக்கொரு மாற்றம் இருக்கும். ஒரே அச்சு ஊர் முழுக்க இருக்கிறது என்றால் அது வெளியிலிருந்து, காற்றில் வந்தது. பயிருக்கு அடிக்கும் புரோபிகோனசோல், டெபுகோனசோல், டைஃபெனோகோனசோல் ஆகியவை மருத்துவ அசோல்களைப் போலவே அந்தப் பூட்டில் உட்காருகின்றன என்பதும் பின்னர் காட்டப்பட்டது.

இந்தியாவில் இதே அச்சை 2012-ல் டெல்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நெல்வயல், தேயிலைத் தோட்ட மண் உட்படப் பல இடங்களில் மாதிரி எடுத்திருந்தார்கள். பரிசோதித்த அஸ்பெர்ஜில்லஸ்களில் சுமார் 7 சதவீதம் எதிர்ப்புள்ளவை. அடித்தது பயிர் நோய்க்கு. பழகிக்கொண்டது பக்கத்தில் சும்மா இருந்தவன். உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட முதல் பூஞ்சைப் பட்டியலில் 19 பூஞ்சைகள். அதில் மிக அவசரக் கவனம் வேண்டிய நான்கில் இந்த அஸ்பெர்ஜில்லஸும் ஒன்று.

இதைப் படித்துவிட்டு விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. அடுத்த பகுதியில் வருவது முழுக்க முழுக்க மருந்துக்கடையில் நடந்த வேலை.

## படர்தாமரை ஏன் போய்ப்போய் வருகிறது

நடவு, களையெடுப்பு என்று நாளெல்லாம் சேற்றில் நிற்பவர்களுக்குச் சேற்றுப்புண்ணும் படர்தாமரையும் புதிதல்ல. முன்பெல்லாம் இரண்டு மூன்று வாரக் களிம்பில் அடங்கியது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாடு முழுதும் அது அடங்காப்பிடாரி ஆனது. காரணமான பூஞ்சைக்கு 2020-ல் ‘டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே’ என்று தனி இனமாகப் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா. 2023-ல் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் அது பதிவானது.

எப்படி வளர்ந்தது? வழி இது:

1. அரிப்பு தாங்காமல் ஒருவர் மருந்துக்கடைக்குப் போகிறார். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்த ட்யூப் கைக்கு வருகிறது.

2. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பு வேலையை அமர்த்துகிறது. மறுநாளே அரிப்பு நிற்கிறது, சிவப்பு மறைகிறது. மருந்து கேட்கிறது என்று நினைக்கிறார். உண்மையில் காவல்காரனைத் தூங்கவைத்தாயிற்று.

3. நாலைந்து நாளில் நிறுத்துகிறார். பூஞ்சை முன்னைவிடப் பெரிய வட்டமாக வருகிறது. ஓரம் மங்கிவிடுவதால் பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாது. மறுபடி அதே ட்யூப்.

4. இப்படி ஆறு மாதம். அந்தக் காலம் முழுதும் பெருங்கூட்டமாகப் பெருகிய பூஞ்சை, அரைகுறை மருந்திலேயே குளிக்கிறது. 397-வது எழுத்து மாறிய ஒன்று பிறந்தால் களம் முழுதும் அதற்குத்தான்.

ஸ்டீராய்டு நேரடியாக எதிர்ப்பை உண்டாக்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டத்தையும் காலத்தையும் பெருக்கித் தருகிறது, மற்றதைப் பிழைகள் பார்த்துக்கொள்கின்றன. 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்கு மாற்றியது. “அந்த மூணு மருந்து ட்யூப் குடுங்கண்ணே” என்று கேட்டால் இன்றும் மறுப்பவர் குறைவு.

வீட்டு மட்டத்தில் பெரிதாகப் பேசப்படாத ஒரு பொருள், அரைஞாண் கயிறு. குளித்தபின் உடம்பு காய்ந்தாலும் கயிறு காய்வதில்லை. வித்துகள் அதில் தங்கி, இடுப்பைச் சுற்றி நோயைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். சிகிச்சை முடியும்வரை கழற்றிவைக்கச் சொல்லும் தோல் மருத்துவர்கள் உண்டு. வீட்டில் எல்லோரும் ஒரே துண்டில் துவட்டினால் ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பதில் பயனில்லை. களிம்பை வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் தாண்டிப் பூச வேண்டும், ஏனென்றால் பூஞ்சை வளர்வது ஓரத்தில். தோல் பார்க்கச் சரியான பிறகும் இரண்டு வாரமாவது தொடர வேண்டும்.

## அறுவடைக் காலத்துக் கண்

எதிர்ப்பைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான். சில சமயம் பழைய, எளிய மருந்துதான் நின்று வெல்கிறது.

அறுவடையிலும் களத்திலும் நெல் சுணையோ உமியோ கண்ணில் விழுந்து கருவிழி கீறினால், அதோடு ஃப்யூசேரியம் என்ற பூஞ்சையோ அஸ்பெர்ஜில்லஸோ உள்ளே போகும். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை முக்கியக் காரணம். வோரிகோனசோல் வந்தபோது, புதிய மருந்துதான் நல்லது என்ற எண்ணம் பரவியது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடத்தி 2013-ல் வெளியான பரிசோதனையில், பழைய நாட்டமைசின் சொட்டு மருந்தே மேல் என்று தெரிந்தது. குறிப்பாக ஃப்யூசேரியம் புண்ணில் வித்தியாசம் வெளிப்படையாக இருந்தது. நாட்டமைசின் எர்கோஸ்டெராலையே பிடிப்பதால், ஒரு நொதியின் ஓர் எழுத்தை மாற்றிப் பூஞ்சை அதனிடமிருந்து தப்ப முடிவதில்லை.

கண்ணில் விழுந்தால் விளக்கெண்ணெய் விடுவதும், நாக்கால் எடுப்பதும், கடையில் சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து வாங்குவதும் இன்னும் நடக்கிறது. அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் படர்தாமரைக் கதைதான், கண்ணில். புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா பாக்டீரியாவா என்பது அன்றைக்கே பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தப் பரிசோதனைக்குப் பிறகு தொடங்கும் மருந்துக்கும், முன்னால் குத்துமதிப்பாகத் தொடங்கும் மருந்துக்கும் பார்வை போவதற்கும் தப்புவதற்குமான வித்தியாசம்.

## அடுத்த மருந்துக்கு என்ன ஆகும்

அசோல்கள் கைவிட்டால் என்ன என்ற கவலையில், முற்றிலும் வேறொரு பூட்டைத் தேடி வந்தது ஓலோரோஃபிம் என்ற மருந்து. பூஞ்சை தன் மரபுப்பொருளைச் செய்யத் தேவையான ஒரு நொதியை அது அடைக்கிறது. அசோலுக்கு அடங்காத அஸ்பெர்ஜில்லஸும் அதற்கு அடங்கியது. பல ஆண்டுகளாக நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகிறது.

இதற்கிடையே ஐப்ஃப்ளூஃபெனோக்வின் என்ற பயிர் மருந்து வெளிநாடுகளில் அனுமதி பெற்றது. அது அடைப்பதும் அதே நொதியைத்தான். ஐப்ஃப்ளூஃபெனோக்வினில் பழக்கிய அஸ்பெர்ஜில்லஸ் ஓலோரோஃபிமையும் தாங்குகிறது என்பதை மான்செஸ்டர் ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் காட்டினார்கள். அவர்கள் காட்டியபோது ஓலோரோஃபிம் எந்த மருந்துக்கடைக்கும் வந்திருக்கவில்லை.